உரியவரின் மின்னஞ்சல்

சிவப்பு.

மனுப் படிவத்தில் மின்னஞ்சல் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தான். சிவப்பு.

'இல்லை' என்று அடித்தான். சிவப்பு.

மனசுக்குத் தோன்றிய ஒரு பொய் முகவரி. நடுவில் @, கடைசியில் புள்ளி, எல்லாம் கச்சிதம். படிவம் அரை விநாடி யோசித்தது.

'இப்படி ஓர் அஞ்சல்பெட்டி இல்லை.'

"முன்னெல்லாம் புள்ளி வச்சா போதும், உள்ள விட்டுரும்," என்றான். "இப்ப ஏமாத்த முடியல. சாரோட நிஜ மெயிலே வேணும்க்கா."

எதிரே செண்பகவல்லி. மடியில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் அவள் புருஷன் ஆவுடையப்பனின் பள்ளிக்கூட அடையாள அட்டை, போலீஸ் ரசீது, இரண்டு போட்டோ. மேல்நிலைப் பள்ளியில் லேப் உதவியாளர். ஒரு சனிக்கிழமை வெளியே போனவர் திரும்பவில்லை. போனும் அவரோடு போனது.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்கக் கேட்கலாம். அறிவித்தால் கருணை அடிப்படையில் அவர் வேலை அவளுக்கு. அடுத்த மாதம் அவளுக்கு ஐம்பது முடிகிறது. முடிந்தால் அந்த வேலை இல்லை.

மனுதாரர் பெயர், முகவரி எல்லாம் அடித்தாயிற்று. புது எண் பதினேழு, பழைய எண் எட்டு, மேலத் தெரு.

இந்தச் சிவப்பு ஒன்றுதான் பாக்கி.

அவள் அவரது மெயில் முகவரியைச் சொன்னாள். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பெயர், பிறந்த வருஷம், @.

பச்சை.

'உரியவருக்கு இணைப்பு அனுப்பப்பட்டது. பத்து நிமிடம் காத்திருக்கவும்.'

"என்ன தம்பி இது?"

"ஒண்ணுமில்லக்கா. அவருக்கு ஒரு மெயில் போயிருக்கு. திறந்து அமுக்கினா ஆளு இருக்காருன்னு அர்த்தம், மனு செல்லாது. அமுக்கலேன்னா பத்து நிமிஷத்துல தானா அடுத்த பக்கம் வந்துரும்."

"யாரும் அமுக்க மாட்டாக."

"அதான் நமக்கும் வேணும்."

இதுவரை பதினொரு மனு போட்டிருக்கிறான். பஸ் ஸ்டாண்டு மாடியில் இந்தத் தொழிலுக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. பதினொரு முகவரி. ஒன்றுகூட வாயைத் திறந்ததில்லை.

ஒன்பது நிமிடம்.

கீழே தென்காசி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மத்தியான வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி கீபோர்டில் விழுந்தது.

சும்மா உட்கார்ந்திருக்க அவனுக்குப் பிடிக்காது. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினான்.

"கேன் தண்ணிதான். உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி மாதிரி வராது. சின்னப்பிள்ளையில நாங்க கொடத்தத் தூக்கிட்டு மேலத் தெரு வரைக்கும் வருவோம். அத ஏன்க்கா மூடுனீங்க?"

"தண்ணி கெட்டுப் போச்சு, தம்பி."

"எப்ப?"

"ஆச்சு. ஏழு வருஷம்."

அவன் தலையாட்டினான். அவள் பாட்டிலைத் தொடவில்லை.

ஐந்து நிமிடம்.

நான்கு.

எண்கள் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பால் பொங்குவதைப் பார்க்கிற பார்வை. கைகள் கவரின் வாயை மடித்தன. பிரித்தன. மறுபடி மடித்தன.

"வேல கெடச்சா எங்களுக்குத்தான் பயம். லேப்ல என்னத்தையாவது கலந்துராதீங்க," என்றான்.

அவள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள்.

இரண்டு நிமிடம்.

ஒன்று.

நாற்பது விநாடி.

அவன் கை மௌஸுக்குப் போனது. அடுத்த பக்கம் வரப்போகிறது. பிரமாணப் பத்திரம், இரண்டு கையெழுத்து, முடிந்தது.

டிங்.

எண்கள் நின்றுவிட்டன.

'உறுதி செய்யப்பட்டது. கைபேசி வழியாக.'

அவன் ஸ்கிரீனைப் பார்த்தான். பக்கத்தைப் புதுப்பித்தான். அதே வரி. இன்னொரு தடவை. அதே வரி.

"அக்கா, அந்த பாஸ்வேர்டு வேற யாருக்காவது..."

"யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது."

அந்த வரிக்குக் கீழே ஒரு புதுக் கட்டம் திறந்தது. பதினொரு மனுவில் அவன் பார்த்தே இராத கட்டம்.

'உரியவர் தற்போது இருக்கும் இடம்.'

பழக்கதோஷத்தில் கர்சரை அங்கே கொண்டுபோனான். வைக்க முடியவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து நிரப்புகிற கட்டம் இல்லை அது.

'உரியவர் நிரப்புகிறார்.'

மூன்று புள்ளிகள். ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து எரிந்து அணைந்தன. நனைந்த விரலால் தட்டுகிற மாதிரி, விட்டு விட்டு, ஒரு எழுத்து வந்தது. அழிந்தது. மறுபடி வந்தது.

புது எண் பதினேழு.

அவன் கண் தானாக மேலே ஏறியது. மனுதாரர் முகவரிக்கு. கால் மணி முன்பு அவனே அடித்தது.

கண்ணைக் கீழே இறக்கினான்.

பழைய எண் எட்டு.

செண்பகவல்லி முன்னால் குனிந்தாள். முகம் ஸ்கிரீனைத் தொடுகிற அளவுக்கு. பயம் இல்லை அதில். கணக்குத் தப்பிப்போன பிள்ளையின் குழப்பம் மட்டும்.

"அவ்வளவு ஆழத்துல டவர் கெடைக்காதே, தம்பி."