மடிப்புக்குக் கீழே

மரகதவல்லியின் கைப்பையில் ஒரு மருந்துச் சீட்டும், தூக்க மாத்திரையின் காலி அட்டையும் இருந்தன.

"அஞ்சு நாளைக்கு மட்டும்னு டாக்டர் என் கீழ்ப்பாதியில எழுதியிருக்காரு. மூணு வருஷமாச்சு. அவ கை நடுங்குது, பாத்தியா?" என்றது சீட்டு.

"உன்னை யாருப்பா பிரிச்சுப் படிக்கிறாங்க? கடையில என்னை நீட்டினாலே மாத்திரை வந்துடுது" என்று சிரித்தது அட்டை.

அன்று மருந்துக் கடையில் புது ஆள். "சீட்டு இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு அவ தப்பிச்சா!" என்று துள்ளியது சீட்டு.

மரகதவல்லி திரும்பி நின்று சீட்டைப் பிரித்தாள், முழுக்கப் படித்தாள். பிறகு மடிப்பின் வழியே நிதானமாகக் கிழித்து, மாத்திரையின் பெயர் இருந்த மேல்பாதியை மட்டும் நீட்டினாள்.

கீழ்ப்பாதி பைக்குள் கிடந்து, "அஞ்சே நாள்தாம்மா, அஞ்சே நாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அட்டை இந்த முறை சிரிக்கவில்லை.