லிங்கெலே தெருவின் அளவுகோல்

முதல் குற்றம், அவன் கடை போட்ட மூன்றாம் மாதமே நொலித்தாவின் பெட்டிக்கடை படுத்துவிட்டது. இரண்டாவது, எலி. அவனுடைய மாவு மூட்டைக்கு வந்தவை எங்கள் வீடுகளிலும் குடியேறின. மூன்றாவது, பதினோரு வருடத்தில் எங்கள் தெருவின் ஒரு சாவுக்குக்கூட அவன் வந்ததில்லை. நான்காவது, கூட்டங்களுக்கும் வந்ததில்லை. ஐந்தாவது, போன மாதம் ரொட்டி விலையை ஒரு ராண்ட் ஏற்றினான்.

தெருக் குழுத் தலைவர் வுயிசிலே இந்த வரிசையில்தான் வாசித்தார். வெள்ளையர் ஆட்சியில் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தி, நான்கு வருடம் உள்ளே இருந்தவர். வரிசை தவறினால் அவருக்குப் பிடிக்காது.

கறுப்பர் குடியிருப்பான கயேலிட்ஷாவில் எங்கள் லிங்கெலே தெருவில் பதினான்கு வீடுகள். எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் எத்தியோப்பியாக்காரன். தெருமுனை இரும்புக் கொட்டகையில் கம்பி வலை அடித்து மளிகைக் கடை வைத்திருந்தான். தீர்மானம் இதுதான்: சனிக்கிழமை மாலைக்குள் அவன் போய்விட வேண்டும். போகாவிட்டால் கடை இருக்காது. எப்படி இருக்காது என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் ஒன்று கருகிக் கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம்.

"கை தூக்குங்க."

பதினான்கு வீடும் தூக்கியது. நொலித்தா இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு கைதான் அக்கா," என்றான் லுபாபலோ. குழுவுக்கு எழுத்து வேலை அவன்தான்.

"ஒண்ணு வீட்டுக்கு. இன்னொண்ணு செத்துப்போன என் கடைக்கு!"

தீர்மானத்தில் குற்றவாளியின் பெயர் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருக் குழுவின் பழைய விதி அது.

"கையெழுத்துக்கு முன்னால அந்தப் பல்கலைக்கழகத்துப் பொண்ணு பேசிடட்டும். அதுக்கு வண்டி போயிடும்," என்றார் வுயிசிலே.

அந்தப் பெண் சிபோகாஸி. அக்கம்பக்கத்தார் சண்டையில்லாமல் வாழ எது உதவுகிறது என்று தெருத் தெருவாக அளந்துகொண்டிருந்தாள். அளவுகோலைத் தெருக்காரர்களே சொல்ல வேண்டும் என்று ஜூன் மாதம் வந்து கேட்டாள். வுயிசிலேதான் சொன்னார்: "எத்தனை அடிதடின்னு எண்ணாதே. அது போலீஸ்காரன் கணக்கு. வெளிய போறவன் வீட்டுச் சாவியை யார்கிட்ட விட்டுட்டுப் போறான், அதைக் கேளு."

அவள் வீட்டுக்கு ஒரு காகிதம் கொடுத்து, பதிலை உறையில் ஒட்டி வாங்கிப் போயிருந்தாள்.

"பதினாலு வீட்டுல பன்னிரண்டு வீட்டுச் சாவி ஒரே இடத்துல இருக்கு," என்றாள். "முப்பது தெரு பார்த்துட்டேன். இப்படி ஒண்ணு எங்கேயும் இல்ல."

கூடம் கைதட்டியது.

"யார் வீட்டுலம்மா?" என்றார் ஒருவர்.

"வீட்டுல இல்லீங்க, கடையில. எட்டுப் பேர் 'கடைக்காரன்'னு எழுதியிருக்கீங்க. மூணு பேர் 'மை ஃபிரெண்டு'. ஒருத்தர் 'கம்பி வலைக்குப் பின்னால இருக்கிறவன்'."

கைதட்டல் நின்றது. அந்த எட்டில் ஒன்று என்னுடையது. என் சாவி மட்டும்தான் அங்கே இருப்பதாக நினைத்திருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் போலிருந்தது.

"நீங்களுமா அக்கா?" என்றான் லுபாபலோ, நொலித்தாவிடம்.

"பின்ன? பள்ளிக்கூடம் விட்டு என் மக வந்தா யார் கதவைத் திறக்கிறது? அவன்தான் எந்நேரமும் அங்கேயே கிடக்கிறான்."

"சாவுக்குக்கூட வர்றதில்ல, பாருங்க," என்றார் ஒருவர்.

"அவனும் சாவுக்கு வந்திருந்தா, தெருவுக்குக் காவல் இல்லாம அன்னிக்கே உன் டிவி போயிருக்கும். வாயை மூடு!" என்றாள் நொலித்தா.

சிபோகாஸி பேனாவைத் திறந்தாள். "அறிக்கையில பேர் போடணும். அவர் பேர் என்ன?"

"மை ஃபிரெண்டு," என்றது பின்வரிசை.

"எல்லாக் கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுறோம். இவர் பேர்?"

வுயிசிலே தீர்மானக் காகிதத்தைப் பார்த்தார். பெயருக்கான இடத்தில் லுபாபலோ கோடு மட்டும் போட்டு வைத்திருந்தான்.

தீர்ப்பைக் கேட்க வரச் சொல்லியிருந்ததால் அவன் வாசலிலேயே நின்றிருந்தான். கூப்பிட்டார்கள். உள்ளே வந்து ஒரு கம்பி வளையத்தை மேசையில் வைத்தான். பன்னிரண்டு சாவிகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைத் துண்டு, அதில் வீட்டு எண்.

"சனிக்கிழமை சாவியெல்லாம் கடைக்குள்ள மாட்டிக்கிட்டா நீங்க எல்லாரும் பூட்டை உடைக்கணும். அதான் இப்பவே கொண்டுவந்தேன்," என்றான். "ஏழாம் நம்பர் சாவி இறுகும். எண்ணெய் விட்டிருக்கேன்."

யாரும் கை நீட்டவில்லை. வளையத்தில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது பதினோராம் எண். அது தலைவர் வீடு.

"உன் பேர் என்னப்பா?" என்றார் வுயிசிலே.

சொன்னான். யாருக்கும் சரியாக விளங்கவில்லை. சிபோகாஸி தன் அறிக்கைக் காகிதத்தையே அவனிடம் தள்ளினாள். குனிந்து எழுதினான்.

வுயிசிலே தீர்மானத்தை முன்னால் இழுத்தார். "ரெண்டு சாட்சி வேணும். யார் வர்றீங்க?"

ஒரு நாற்காலியும் நகரவில்லை.

"நொலித்தா?"

"கண்ணாடி கொண்டுவரல தோழர்."

"லுபாபலோ?"

அவன் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வுயிசிலே தீர்மானத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சிபோகாஸியின் காகிதத்தை எடுத்தார்.

"இதையும் சாட்சிகள் முன்னால வாசிக்கணுமா?"

"ஆமாங்க."

எழுந்து நின்றார்.

"லிங்கெலே தெரு. பன்னிரண்டு வீடுகள். சாவி இருப்பது..."

பெயரில் ஒரு முறை நாக்குத் தடுக்கியது. முதலிலிருந்து தொடங்கி, இந்த முறை சரியாக வாசித்தார்:

"மெல்காமு எர்ஜாபோ."