இசக்கியா

மூக்கு நீண்ட அந்துப்பூச்சிகளை வகைப்படுத்துவதிலேயே சோபிதாவுக்குப் பதினான்கு வருடங்கள் போய்விட்டன. அவற்றில் ஒன்று எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. அதற்கெனப் புதிய பேரினம் ஒன்றை உருவாக்கி, பூச்சியைப் பிடித்துத் தந்த வனக்காவலர் இசக்கிமுத்துவின் பெயரால் 'இசக்கியா' என்று அழைத்தாள். இன்று வேறொரு அருங்காட்சியகத்திலிருந்து வந்த பழைய பூச்சியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். அதுவும் இசக்கியாவும் ஒன்றுதான். நூறு வருடங்களுக்கு முன்பே யாரோ அதற்குத் தனிப் பேரினம் உருவாக்கிப் பெயர் வைத்திருந்தார்கள். முந்திய பெயர்தான் நிற்கும். தன் பேரினத்தை ரத்து செய்யும் கட்டுரையைத் தானே எழுதி முடித்துவிட்டு, எரியும் கண்களைத் தேய்த்தபடி இசக்கிமுத்துவுக்கு போன் செய்தாள்.

"அண்ணே, அந்தப் பூச்சிக்கு இனிமே உங்க பேரு இருக்காது. தப்பு என்னோடதுதான்."



"அது கெடக்கட்டும்மா. எம் மவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. மாமியா வீட்டுல எல்லாருக்கும் எம் பேரு வந்த பேப்பரக் காட்டி வச்சிருக்கா."

"சொல்லமாட்டேண்ணே."

கட்டுரையை அனுப்பினாள். பூச்சிப் பெட்டியில் பெயர்ச்சீட்டை மாற்றும் வேலை மட்டும் மிச்சமிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை மூடினாள்.