பாலத்தைத் தாண்டாத குதிரை

"போச்சு! மறுபடியும் பாலத்துலயே நின்னுடுச்சு!"

தம்பி போட்ட கத்தலில் அடுப்படியிலிருந்து அண்ணி ஓடி வந்தாள். திரையில் குதிரை ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றிருந்தது. கீழே சிவப்பு எழுத்தில் 'மெமரி எரர்'.

"இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில போடணும் அண்ணி. பாலத்தை மட்டும் தாண்டியிருந்தா இன்னைக்குக் கோட்டையைப் பிடிச்சிருப்பேன்!"

அண்ணி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பார்க்கக் கூடாதா? நீங்க போட்டுக் கொடுத்ததுதானே?"

"பழைய கேம். அப்படித்தான் மக்கர் பண்ணும். விடு."

அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒர்க்‌ஷாப் மெஷினில் தம்பியின் வலது கை சிக்கியதிலிருந்து அவன் விரல்கள் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பயிற்சி செய்யாவிட்டால் அப்படியே மடங்கிப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் அதைச் சுவரில் விட்டெறிந்தான். அவன் தானாக வந்து உட்காருவது இந்தக் குதிரைக்கு முன்னால் மட்டும்தான்.

சின்ன வயதில் அவன் விளையாடிய கேம் பெட்டி என்றைக்கோ மண்டையைப் போட்டுவிட்டது. அந்தப் பெட்டியைப் போலவே நடிக்கும் எமுலேட்டரைக் கம்ப்யூட்டரில் போட்டு, கன்ட்ரோலரையும் மாட்டிக் கொடுத்தது அண்ணன்தான். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

"கூடப் பிறந்தவனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மனசில்ல. நான் பார்க்கிறேன் தம்பி. இன்னைக்கு இதை ஒரு கை பார்க்காம எந்திரிக்க மாட்டேன்."

அண்ணன் இப்போதுதான் பேப்பரைத் தாழ்த்தினான். "வேண்டாம்னா கேளேன்."

"நீங்க பேப்பர் படிங்க."

அண்ணி ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். வீட்டில் அதை இலவசமாகச் செய்கிறாள் என்பது அண்ணனின் புகார்.

கூந்தலை முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து ரேம் என்ற மெமரி அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். குதிரை பாலத்தில் நின்றது. கேமை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். பாலத்தில் நின்றது. எமுலேட்டரைப் புதுப்பித்தாள். அதற்கும் மசியவில்லை. ஒவ்வொரு தடவையும் தம்பி சளைக்காமல் பாலம்வரை ஓட்டிக் காட்டினான்.

"எப்பவுமே பாலத்துலதானா?"

"இல்ல அண்ணி. முதல்ல லாயத்து வாசல்லயே நிக்கும். அப்புறம் கடைத்தெருவுல. இப்ப கொஞ்ச நாளாத்தான் பாலம்."

இப்படி முன்னேறிக்கொண்டே போகும் எரரை அண்ணி தன் சர்வீஸில் பார்த்ததில்லை. செட்டிங்ஸ் ஒன்று விடாமல் குடைந்தாள். கடைசியில் பிடித்தேவிட்டாள்.

கம்ப்யூட்டரில் மெமரிக்குப் பஞ்சமே இல்லை. எமுலேட்டர் அதில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற இடத்தில்தான் அளவு ரொம்பக் குறைவாக இருந்தது. குதிரை ஓட ஓடப் புதுக் காட்சிகள் சேர்ந்து, பாலம் வரும்போது அந்த அளவு நிரம்பிவிடுகிறது.

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு எல்லை வேண்டாமா?" என்று கணவன் காதில் விழும்படி சொல்லிவிட்டு, அளவைத் தாராளமாக ஏற்றினாள்.

"இப்ப ஓட்டு தம்பி!"

குதிரை பாலத்தைத் தாண்டியது.

"அண்ணின்னா அண்ணிதான்!" தம்பி துள்ளிக் குதித்தான்.

பாலத்துக்கு அப்புறம் ஒரு மதில். அதைத் தாண்ட இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். தம்பியின் கட்டைவிரல் அழுத்தியது. ஆள்காட்டி விரல் தாமதமாக வந்தது. குதிரை விழுந்தது.

மறுபடி ஓட்டினான். மறுபடியும் விழுந்தது. இடது கையால் அந்த விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்தான். அதுவும் உதவவில்லை.

இந்தத் தடவை அவன் கத்தவில்லை. கன்ட்ரோலரை மெல்லக் கீழே வைத்தான்.

"எடுத்து உள்ள வெச்சிடுங்க அண்ணி. இந்தக் கை இனிமே தேறாது."

தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அண்ணன் வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்த அளவைக் குறைச்சு வெச்சது நான்தான்" என்றான் தணிந்த குரலில். "வாசலைத் தாண்டினா பட்டனை வேகமாத் தட்டணும். அந்த வேகம் அவனுக்கு வர்ற வரைக்கும் வாசல்லயே நிறுத்தினேன். வந்ததும் கடைத்தெரு வரைக்கும் விட்டேன். அப்புறம் பாலம். மெஷின் நின்னா, அதைத் திட்டிட்டு மறுநாளும் வந்து உட்காருவான். தானே தோத்தா உட்கார மாட்டான். எனக்கு அவனைத் தெரியும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க!"

"தப்புன்னு ஒண்ணு தெரிஞ்சா உன்னால அதை விட்டுவைக்க முடியாதே."

அண்ணி அளவை இருந்த இடத்துக்கே இறக்கினாள். எழுந்து போய்த் தம்பியின் கதவைத் தட்டினாள்.

"தம்பி, உன் விரல்மேல தப்பே இல்லப்பா. நான் மாத்தினதுல பட்டன் லேட்டா வேலை செஞ்சிருக்கு. பழையபடியே வெச்சிட்டேன். பாலத்துல நிக்கத்தான் செய்யும். எனக்கு இதுக்கு மேல தெரியல."

கதவு படாரென்று திறந்தது.

"இதுக்குத்தான் இவ்வளவு அலட்டலா? உங்களுக்கெல்லாம் எப்படித்தான் சம்பளம் தர்றாங்களோ!"

"அதுதான் எனக்கும் புரியல" என்றாள் அண்ணி, தலையைக் குனிந்துகொண்டு.

தம்பி வந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான்.

"தள்ளுங்க அண்ணி. இந்த மெஷினை நானே ஒரு கை பார்க்கிறேன்!"