விலைபோகாத இரண்டு பாம்புகள்

ஒரேயொரு ஊரிலே ஒரு ராணி இருந்தார். ஊரின் பெயர் லண்டன். ஆனால் இந்தக் கதை ராணியைப் பற்றியது இல்லை. அவருடைய ஊரிலே பாம்பு வாங்கப் புறப்பட்ட நிர்மலனையும் அவன் மனைவி கோசிகாவையும் பற்றியது.

நிர்மலன் வேலை போக மிச்ச நேரமெல்லாம் 'போல் பைதன்' என்கிற பாம்பு வளர்ப்பவன். மலைப்பாம்புச் சாதியில் அது சின்னது, சாது. பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதை இணை சேர்த்து, முட்டை வைப்பித்து, குட்டி காண வேண்டும் என்று அவனுக்குக் கன நாள் ஆசை. தோர்ன்டன் ஹீத்தில் அவனுடைய வீட்டில் ஆண் பாம்பு தயாராக இருந்தது. நோய் நொடி இல்லாத, வளர்ந்த பெண் பாம்புதான் எங்கே தேடியும் அகப்படவில்லை. குளிர்காலமும் தொடங்கிவிட்டது. இணை சேருகிற இந்தப் பருவத்தை விட்டால் இனி அடுத்த வருடம்தான்.

அந்த நேரம் பார்த்து இணையத்தில் ஒரு விளம்பரம். பிளேஸ்டோவில், அதுவும் ஒரு தமிழ் வீட்டில், இரண்டு பெண் பாம்புகள்.

கதவைத் திறந்தவள் நகுலேஸ்வரி.

"வாங்கோ, வாங்கோ. மகன்ர பாம்புகள். அவன் மெல்பேர்னுக்குப் போயிட்டான். வித்துப்போடுங்கோ, வித்துப்போடுங்கோ எண்டு ஒவ்வொரு கிழமையும் போன்."

அவளுக்குப் பின்னால் கணவர் கணேசலிங்கம் நின்றார்.

"உந்தச் சனியனுகளை முதல்ல கொண்டு போங்கோ தம்பி. வேலையால நிண்டு ஆறுதலா இருப்பமெண்டா, எனக்கு இஞ்ச எலி அவிக்கிற உத்தியோகம்!"

"அவிக்கிறேல்லை. பாம்புக்குக் குடுக்க ஐஸ் எலியைச் சுடுதண்ணியில இளக வைக்கிறது," என்று நகுலேஸ்வரி திருத்தினாள். "மகன் இருக்கேக்க இவர் ஒவ்வொரு நாளும் சண்டை. 'ஒண்டில் பாம்பு, இல்லாட்டி நான்' எண்டு நிண்டவர். கடைசியில போனது அவன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். கணேசலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

மேல்மாடிச் சின்ன அறையில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். நிர்மலன் இரண்டு பாம்புகளையும் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான். வாயை மெல்லத் திறந்து பார்த்தான். முதுகெலும்பு வழியே வால்வரை விரலை ஓட்டினான். அவனுடைய முகம் அப்படி மலர்ந்து கோசிகா கண்டு எத்தனையோ மாதம்.

கொண்டுவந்த தலையணை உறையை விரித்துப் பிடித்தான். பாம்பு கொண்டுபோக அதுதான் தோதான பை.

"அங்கிள், நீங்களே உள்ளுக்கு விடுங்கோ."

கணேசலிங்கம் முதல் பாம்பைத் தூக்கிக் குனிந்தார். அதே நேரம் வாசலில் நின்ற நகுலேஸ்வரி, "தங்கச்சி, தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி?" என்று கேட்டாள். கோசிகா அவள் பக்கம் திரும்பிப் பதில் சொல்லிவிட்டுப் பார்த்தபோது, நிர்மலனின் முகம் மாறியிருந்தது.

"பொறுங்கோ அங்கிள். இது சரிவராது."

"ஏன் தம்பி?"

"மூச்சில ஒரு இரைச்சல் கேக்குது. சளி போல. மற்றதும் நல்ல மெலிவு. முட்டை வைக்காது."

விலையைக் குறைக்கத்தான் இந்த நாடகம் என்று கோசிகாவுக்கு விளங்கியது. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி! அவனுடைய முழங்கையில் கிள்ளினாள். அவன் திரும்பவே இல்லை.

"சரி தம்பி, விலையில கொஞ்சம் குறைச்சுத் தாருங்கோ," என்றாள் நகுலேஸ்வரி.

"சும்மா தந்தாலும் எனக்கு வேண்டாம் அன்ரி."

கணேசலிங்கம் வெடித்தார்.

"ஆருக்குச் சளி? ராவிலயும் எழும்பி எழும்பி ஹீட்டரைப் பாக்கிறன், எப்பிடிக் காணும் சளி வரும்? மெலிவாம் மெலிவு! உம்மட கண்ணைக் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டும்!"

"நான் மட்டுமில்லை அங்கிள், பாம்பு தெரிஞ்ச ஒருத்தரும் இதுகளை வாங்க மாட்டினம். அன்ரி, விளம்பரத்தை எடுத்துவிடுங்கோ. மகனிட்டையும் சொல்லுங்கோ, வந்து பாத்தவன் வேண்டாமெண்டிட்டுப் போயிட்டானெண்டு."

நகுலேஸ்வரி கணவரைப் பார்த்தாள். "அப்ப என்னப்பா செய்யிறது?"

"என்ன செய்யிறது? வாங்க ஆளில்லையெண்டு தெருவில விடவோ? கிடக்கட்டும் சனியனுகள். எல்லாம் என்ர தலையெழுத்து!"

பாம்பைப் பெட்டிக்குள் விட்டு மூடியைச் சரிபார்த்துவிட்டு, நிர்மலனுக்கு விரலால் வாசலைக் காட்டினார். தேத்தண்ணி வரவேயில்லை.

தெருவுக்கு வந்ததும் கோசிகா பிடித்துக்கொண்டாள்.

"வெக்கமாயில்லையோ உங்களுக்கு? வயசுபோன மனிசரின்ர மூஞ்சைக்கு நேர! அந்தப் பாம்புகளில என்ன குறை?"

"ஒரு குறையுமில்லை கோசி. அப்பிடி ரெண்டு பெண் பாம்பு எனக்கு இனிக் கிடைக்குமோ தெரியாது."

கோசிகா நின்றுவிட்டாள். "பிறகேனப்பா?"

"மகனோட அவ்வளவு மல்லுக்கட்டின மனிசன், இப்ப 'விக்க வேண்டாம்' எண்டு எந்த வாயால சொல்லும்?"

"அந்தாளோ? கொண்டு போங்கோ, கொண்டு போங்கோ எண்டெல்லோ நிண்டது?"

"எங்களுக்கு அப்பிடித்தான் சொன்னது." நிர்மலன் வெறும் தலையணை உறையை மடித்துக் கக்கத்தில் வைத்தான். "நீ அங்கால சீனி எத்தினை கரண்டியெண்டு சொல்லேக்க, பைக்குள்ள குனிஞ்சு, அந்தப் பாம்பிட்ட மனிசன் மெல்லமாச் சொன்னது, 'போயிட்டு வா பிள்ளை' எண்டு."

சொல்லிவிட்டு அவன் பஸ் தரிப்பை நோக்கி நடந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கோசிகாவும் நடந்தாள்.