அங்குட்டுச் செலவு

காளீஸ்வரி காரைக்குடியில், அகிலாண்டேஸ்வரி ஆச்சி வீட்டுப் பின்கட்டில் தனியாக வாடகைக்கு இருக்கிறாள். அன்றாடச் செலவைப் போனில் ஓர் ஆப்பில் பதிந்துவிடுவாள். ஒரு மாதமாக அவள் செய்யாத செலவும் அதில் ஏறுகிறது: அரை லிட்டர் பால், ஒரு கவுளி வெற்றிலை. அவளுக்கு வெற்றிலைப் பழக்கமே இல்லை. பாஸ்வேர்டை மாற்றியும் வங்கியில் அதே அளவு பணம் குறைந்துகொண்டுதான் இருந்தது.

ஆச்சியிடம் கேட்டாள்.

"முன்னால இருந்தவுகளும் இதைத்தான் சொன்னாக. சொல்லிட்டுக் காலி பண்ணிட்டுப் போனாக."

"நான் எதுக்கு ஆச்சி போகணும்? வாடகை குடுக்குறது நானு."

மகனுக்குக் கல்யாணமானதும் ஆச்சி அவனை அதே வீட்டுக்குள் வேறு குடித்தனமாக வைத்திருந்தார். தனி அடுப்பு, தனிச் செலவு. காளீஸ்வரியும் அதையே செய்தாள். சும்மா கிடந்த கடைசி அறையில் தன் பழைய ஸ்டவ்வை வைத்தாள். ஆப்பில் அந்தப் பக்கத்துக்கென 'அங்குட்டு' என்று தனிக் கணக்குத் தொடங்கி, மாதம் இரண்டாயிரம் ஒதுக்கினாள்.

"இருக்குறவுக இதுக்குள்ள இருந்துக்கங்க. எங் கணக்குல கை வச்சீக, சும்மா விடமாட்டேன்," என்றாள் காலி அறையைப் பார்த்து.

மறுநாளிலிருந்து பாலும் வெற்றிலையும் அங்குட்டுக் கணக்கில் ஏறின. வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு செலவு வந்தது: தாழ்ப்பாள், நூற்றிருபது ரூபாய்.

கடைசி அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே தாழிட்டிருந்தது.

காளீஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். இருப்பதிலேயே பெரிய பூட்டாக வாங்கிவந்து அந்தக் கதவை வெளியே பூட்டினாள். பூட்டின் விலையை அங்குட்டுக் கணக்கில் எழுதினாள்.