கைகுலுக்கும் வழக்கம்

வாதம் முடிந்ததும் மூன்று நீதிபதிகளும் மேடையிலிருந்து இறங்கி வந்து வக்கீல்களுக்குக் கைகொடுப்பது இந்தக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வழக்கம். இன்றும் இறங்குகிறார்கள். முதல் இருவர் வக்கீல் தெல்மா கிராப்ட்ரீயின் கையைப் பூனைக்குட்டியைத் தொடுவதுபோலத் தொட்டுவிட்டு நகர்கிறார்கள். மூன்றாவது ஆள் வெண்டல் ஹக்பி. இவர் இந்தப் பதவிக்கு லாயக்கில்லை என்று நீதிபதி நியமனங்களை விசாரிக்கும் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் நாற்பது நிமிடம் சாட்சி சொன்னவள் தெல்மா. அப்படியும் இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் நியமனமாகிவிட்டார். படிகள் நான்குதான், இவர் இறங்கி முடிப்பதற்குள் செனட் அந்த ஓட்டெடுப்பை இன்னொரு முறை நடத்திவிடலாம். ஜன்னல் வெயிலில் புது அங்கியின் மடிப்புக் கோடுகள் பளபளக்கின்றன. கடைசி பெஞ்சில் தெல்மாவின் கட்சிக்காரன் ஓர்வில்லின் அக்கா கைப்பையை இறுக்கிக்கொள்கிறாள். செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை அனுபவிக்கும் தம்பியின் வழக்கு இந்த மூவர் கையில். அதனால் தெல்மா கையை நீட்டுகிறாள். ஹக்பி பிடிக்கிற பிடியில் எலும்பு நொறுங்கும் சத்தம் சுவரில் தொங்கும் பழைய நீதிபதிகளின் படங்களுக்கே கேட்கிறது; அதில் ஒருவர் முகம் சுளிக்கிறார்.

"கை ஜில்லுனு இருக்கே, வக்கீலம்மா. பயமா?"

"உங்க கை சுடுது, ஐயா. நாற்காலிய இறுக்கிப் பிடிச்சிருந்தீங்க போல."

"பிடிக்காம? சாகுற வரைக்கும் என்னை அங்கேருந்து யாரும் எறக்க முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும். நீங்க ஒழுங்கா இருந்தாத்தான் அதுவும். செனட்ல நான் சொன்னத ஒரு வார்த்தைகூட மாத்திக்கல."

வாயை அடக்கியிருக்கலாம் என்று சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது. ஹக்பி கையை விட்டுவிட்டு, இன்றைக்கு முதல் முறையாக, மனசாரச் சிரிக்கிறார்.